நீ திருத்திய மூன்றாம் வரி

இன்று காலை மாதா கோயிலில் பூசைக்கு முன்னால் பாட்டுத் தாள்களைப் புதிதாகப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். எழுத்துத் தெரியாத எனக்கும் ஒன்றை நீட்டினார்கள். வாங்கி மூக்கருகே பிடித்தேன். சூடு ஆறாத மை வாசம். உன் வீட்டு முன்னறையில் அந்தப் பிரிண்டர் கக்கிய அதே வாசம். அடியில் உன் பெயர் இருக்கிறதாம், திருத்தியவர் என்று. மகள் வாசித்துச் சொன்னாள். அதற்கப்புறம் பூசையில் மனம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவளை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுத வைக்கிறேன். “செத்தவங்ககிட்ட என்னப்பா சண்டை?” என்கிறாள். நீ இருந்தபோது முடியாத சண்டை, வேறென்ன.

நாம் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். நீ படித்துத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஆனாய். நான் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் அந்த வித்தியாசம் கிடையாது. நீ மிதி ஆர்மோனியத்தில், நான் பின்வரிசையில், என் பெண்சாதி அந்தோணியம்மா முன்வரிசையில்.

துரைமார் காலத்து ஆர்மோனியம் அது. அதில் ஒரு கறுப்புக் கட்டை, உனக்கு முன்னால் வாசித்தவர் காலத்திலேயே பனியில் துருப்பிடித்து ஊமையாகிவிட்டது. அந்த இடம் வந்தால் பக்கத்து வெள்ளைக் கட்டையை அமுக்குவார்கள். சுரம் அரைப்படி மேலே ஏறிவிடும். தோட்டமே அப்படிக் கேட்டு, அப்படியே பாடப் பழகிவிட்டது. மாதா பாட்டின் மூன்றாம் வரியில் அந்த இடத்துக்கு முதலில் ஏறுகிறவள் அந்தோணியம்மா. அவள் ஏறிய பிறகுதான் நாங்கள் ஏறுவோம்.

தொண்ணூறுகளில் ஒரு தடவை, எல்லாத் தோட்டத்துப் பாடகர்களையும் பதுளை டவுனுக்குக் கூப்பிட்டுப் பாடவைத்தார்களே, ஞாபகம் இருக்கும் உனக்கு. அவர்களுடைய ஆர்மோனியம் ஒன்று சொல்ல, நாங்கள் ஒன்று பாட, முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். தெமோதரை பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். அந்தோணியம்மாதான், “சிரிச்சா சிரிக்கட்டும்ண்ணே. அவங்களுதுல எல்லாக் கட்டையும் பேசுது. நம்மளுதுல ஒண்ணு மௌன விரதம்” என்றாள். பஸ்ஸே சிரித்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்தச் சிரிப்பை நாங்கள் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினோம். நீ வீட்டுக்குக் கொண்டுபோனாய்.

பென்ஷன் வாங்கிய பிறகு, கொழும்பிலிருக்கும் உன் மகன் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். கோயிலில் கிடந்த பழைய இசைத் தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து அதற்குள் ஏற்றினாய். ஏற்றியதை அதுவே வாசித்தும் காட்டும். ஆனால் தாள்கள் மங்கியவை. ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு சின்ன அடையாளம் உண்டாம், இந்தப் பாட்டில் இன்ன சுரத்தை அரைப்படி இறக்கு என்று. மெஷின் ஒரு வரியில் அதைப் பார்க்கும், அடுத்த வரியில் கோட்டை விடும். தலையில் ஒன்று தவறினால் வரி முழுக்கக் கோணல். நீ மௌசைப் பிடித்துக்கொண்டு வரிவரியாகத் தேடித் திருத்தினாய். நானும் அந்தோணியம்மாவும் பின்னால் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்ப்போம்.

மாதா பாட்டு வந்தது. முதல் இரண்டு வரியும் சரி. மூன்றாவதின் தலையில் அடையாளத்தை மெஷின் விட்டுவிட்டது. நீ வாசிக்கவிட்டாய். விளையாட்டுச் சாமான் சத்தத்தில் எங்கள் பாட்டு வந்தது. ஊமைக் கட்டையின் பாட்டு, அச்சு அசலாக.

“அண்ணே, நம்ம பாட்ட இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்று அந்தோணியம்மா கன்னத்தில் கை வைத்தாள். நீயும்தான் சிரித்தாய்.

“அப்படியே விட்டுர்றா” என்றேன்.

“பிழைடா. பேப்பர்ல வேற மாதிரி இருக்கு.”

“பேப்பரா பாடுது? நாமதானே பாடுறோம்.”

“இன்னும் எத்தனை காலத்துக்குடா டவுன்காரங்க நம்மளப் பாத்துச் சிரிக்கணும்?”

அடையாளத்தை வரியின் தலையில் வைத்தாய். ஒரு தட்டு. சுரம் இறங்கிவிட்டது. தாளில் இருந்தது அதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பாடி வளர்ந்த யாரிடமும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த மழைக்கு அந்தோணியம்மா படுத்துவிட்டாள். நீ பார்க்க வந்தபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “அண்ணே, நான் போனா மாதா பாட்ட நம்ம மாதிரியே பாடுங்க.” நீ தலையாட்டினாய். நான் கால்மாட்டில் நின்று பார்த்தேன்.

அவள் அடக்கத்தன்று உன் புதுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாடினார்கள். பழைய ஆர்மோனியத்தை விட்டுவிட்டு நீ புதுக் கீபோர்டு வாசித்தாய். மூன்றாம் வரியில் சுரம் சுத்தமாக இறங்கியது. பெட்டிக்குள் இருந்தவள் யாரோ, பாட்டு யாருடையதோ என்று இருந்தது எனக்கு.

சாயங்காலம் வாசலில் வந்து நின்று, “நல்லா பாடினாங்கல்ல?” என்று கேட்டாய்.

“அவகிட்ட தலையாட்டினியே, அது எதுக்கு?”

“டவுன்லேருந்து ஆளுக வந்திருந்தாங்கடா. அவங்க முன்னாடி எப்பிடிடா...”

கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. எழுதுகிறவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது என்கிறேன்.

உன் அடக்கத்தன்றும் அதே பாட்டு. வந்து நின்றேன். மூன்றாம் வரி வந்தது. எங்கள் சுரத்தை உனக்குக் கொடுக்க மனமில்லை. உன் சுரத்தைப் பாட வாய் வரவில்லை. மற்றவர்கள் அந்த இடத்தைத் தாண்டும்வரை சும்மா நின்றேன்.

இன்று பூசை முடிந்ததும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேயிலைச் சரிவில் இருக்கும் கல்லறைக்கு ஏறினேன். மூச்சு வாங்கியது. அவள் சிலுவையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வரியை மட்டும் பாடினேன். அவள் ஏறுகிற இடத்தில் ஏறினேன். குரல் உடைந்தது, சுரம் இறங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இதைத்தான் செய்கிறேன். முழங்கால் விடுகிறவரை செய்வேன்.

நீ படுத்திருப்பது பக்கத்து வரிசைதான். உனக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகப் பாடுகிறேன்.