ஆடி கழியட்டும் என்று வைத்த மாத்திரை

8-7-1994
காலையில் விரல்கள் மடங்க ஒன்பது மணி ஆகிவிட்டது. தட்டச்சு நிலையத்தில் முத்துராணிக்குச் செய்துகாட்டப் போனேன். விரல் விசையை அழுத்தவில்லை. “நீங்க சொல்லுங்க டீச்சர், நானே அடிக்கேன்” என்றாள். மாணவிக்கு என் மேல் இரக்கமாம். எரிச்சலாக வந்தது.

15-7-1994
பாளையங்கோட்டையில் டாக்டர் ஞானசௌந்தரி எக்ஸ்ரேயைக் காட்டினார். முடக்குவாதமாம்; மூட்டோரத்தில் எலும்பு அரித்திருக்கிறது. பழைய எலும்பை அரிக்க ஒரு வகை அணு, புதிதாகக் கட்ட ஒரு வகை. எல்லார் உடம்பிலும் நடக்கிற வேலைதானாம். எனக்கு, கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்கள் மூட்டுக்குள் புகுந்து, அரிக்கிற கூட்டத்தை மட்டும் தூண்டிவிடுகின்றன. நல்ல காவல்!

வாரம் ஒரு நாள் மாத்திரை. “ஆனா இதைத் தின்னுக்கிட்டுப் பிள்ளை உண்டாகக் கூடாதும்மா.”

கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

16-7-1994
“மாத்திரையைத் தின்னு. கைதான் முக்கியம்” என்றார் வீட்டுக்காரர். குரல் சரியில்லை. கையா, பிள்ளையா — இப்படியும் ஒரு கேள்வியா? நாளை ஆடி பிறக்கிறது, ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது, கழியட்டும் என்றேன். இருவருக்குமே அது சாக்கு என்று தெரியும்.

18-8-1994
ஆவணி வந்துவிட்டது. மாத்திரையைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

22-9-1994
பத்து நாளாக எழுந்ததும் விரல் மடங்குகிறது. அத்தை சுட்டுத் தந்த முடக்கத்தான் தோசைதான் காரணம் என்று டாக்டரிடம் சொன்னேன். மாத்திரை தின்னவில்லை என்றும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. “கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சே?” என்றார். நாள் தள்ளிப்போய் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறேன்! அதனால் கணக்கே வைக்கவில்லை. சோதித்துப் பார்த்தார்.

“உண்டாகியிருக்கே. பிள்ளைக்காக அந்த அணுவெல்லாம் அடங்கிக் கிடக்கு. பிறந்த பிறகு வலி திரும்பி வரும், பாத்துக்கோ.”

வரட்டும். பஸ் முழுக்க அழுதுகொண்டே வந்தேன்.

18-6-1995
வந்துவிட்டது. மகளுக்கு ஐம்பது நாள். அவள் சட்டை நாடாவை முடிச்சுப் போட முடியவில்லை. மாத்திரை தொடங்கினால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமாம். “ஆறு மாசம் குடுத்துக்கிடுதேன் டாக்டர்.” “அதுவரைக்கும் எலும்பு அரிச்சுக்கிட்டே இருக்குமே?” மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

2-11-1995
புது எக்ஸ்ரே. அரித்துப்போன எலும்பு திரும்பாது, வலது மோதிரவிரல் இனி நிமிராது என்றார் டாக்டர். இன்று மாத்திரை தொடக்கம். மகள் பாலுக்கு அழுதாள். வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். அழுகை கேட்காத தூரம் போகும்வரை இருந்துவிட்டு, விழுங்கினேன்.