எதிர்ச்சுவரில் மாட்டிய படம்

இன்று காலை பெயிண்ட் அடிக்கிறவர்கள் வந்து, கூடத்துச் சுவரில் இருந்த பெருமாள் படத்தைக் கழற்றிக் கட்டில்மேல் சாய்த்து வைத்தார்கள். படத்தின் பின்பக்க அட்டையிலிருந்து பழைய சாம்பிராணி வாசனை வந்தது. படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. வேலை முடிந்ததும் படத்தை மறுபடி எங்கே மாட்டுவது என்று பெயிண்டர் திரும்பத் திரும்பக் கேட்டாராம். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கிழவிக்குக் காது போச்சு என்று அவர் தன் ஆளிடம் சொன்னது மட்டும் எப்படியோ விழுந்தது. அப்போதுதான் உன் நினைப்பு வந்தது.

அண்ணி என்று எழுதுவதுதான் முறை. ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவளை, என் அண்ணன் தாலி கட்டினான் என்பதற்காக ஒரே நாளில் எப்படி மாற்றிக் கூப்பிடுவது? அம்மா காதில் விழும்போது அண்ணி, வாங்க, போங்க. விழாதபோது வாடி, போடி. இப்போது அம்மாவும் இல்லை, நீயும் இல்லை. அதனால் வாடி போடியே இருக்கட்டும்.

இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதவேண்டும் என்பார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். எனக்கு உன்மேல் பொறாமை. அன்றைக்கும் பொறாமை, இன்றைக்கும் பொறாமை. உன் நிறத்துக்கோ நகைக்கோ இல்லை. நீ சும்மா உட்கார்ந்திருந்ததற்கு.

நானும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன், பிறந்ததிலிருந்தே. அடையவளைஞ்சான் தெருவில் இருந்த நம் பழைய வீட்டு முற்றத்தில் ஒரு பித்தளை அண்டா இருந்ததே, உச்சிவெயில் அதன் தண்ணீரில் பட்டு எதிர்ச்சுவரில் வெளிச்சமாக ஆடும். அதில்தான் என் கண் போய் நிற்கும். கொஞ்ச நேரத்தில் நிற்பதும் தெரியாது. யோசனை எதுவும் இருக்காது, கனவும் இல்லை. அண்ணனின் வாழையிலை மண்டியிலிருந்து ஆட்கள் வந்து போடும் கூச்சல், தெருவில் போகும் வண்டி, அடுக்களையில் பாத்திரம் விழும் ஓசை, காலையிலிருந்து தோலில் உரசிக்கொண்டே இருந்த எல்லாம் வேறு யார் வீட்டுச் சத்தமோ ஆகிவிடும். திரும்பி வரும்போது உடம்பு லேசாக இருக்கும். ஆனால் நானாகத் திரும்பி வர அம்மா எங்கே விட்டாள்? முதுகில் ஒன்று வைப்பாள். பால் பொங்கி வழிந்திருக்கும்.

பராக்கு என்று எனக்குப் பெயர். பிரமை பிடித்தவள் என்றும் சொல்வார்கள். ஸ்கூலில் டீச்சர் சாக்பீஸை எறிவார். நீதான் அது வருவதற்குள் தொடையில் கிள்ளுவாய். நாம் படிக்கப் போன ஸ்கூல் தெப்பக்குளம் பக்கம். டவுன் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும், கைப்பிடிச் சுவரின் இடைவெளியில் வெயில் விட்டுவிட்டு அடிக்கும். அதோடு நான் போய்விடுவேன். என் பையின் வாரை நீ கையில் சுற்றிப் பிடித்துக்கொள்வாய், சத்திரம் ஸ்டாப் வந்ததும் இழுத்துக்கொண்டு இறங்குவாய். எங்கேடி போற, என்று ஒருநாள் கேட்டாய். எங்கேயும் இல்லை என்றேன். அது நிஜம். நீ நம்பவில்லை. நான் எதையோ உனக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருப்பதாகவே நினைத்தாய்.

படிப்பு முடிந்த கையோடு நீ என் வீட்டுக்கே மருமகளாக வந்தாய். சந்தோஷப்பட்டேன், மறுக்கவில்லை. அந்தச் சந்தோஷம் முதல் ஆடி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

ஒரு மத்தியானம் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தால், அங்கே மாட்டியிருந்த பெருமாள் படத்துக்கு எதிரே நீ உட்கார்ந்திருக்கிறாய். கண் திறந்தபடி நிற்கிறது. கை மடியில் கிடக்கிறது. என் உட்காரல் அது. கழுத்து சாய்ந்திருந்ததுகூட என்னுடையதுதான். பின்னால் வந்த அம்மா உன்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அம்மா காலடிச் சத்தம் கேட்காமல் பின்வாங்கினாள். "பெருமாளையே நெனச்சிக்கிட்டிருக்கா. கொடுத்து வெச்சவன்டி உங்க அண்ணன்," என்று என் காதோடு சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. அன்று நீ அரைக்க வேண்டிய மாவை நான்தான் அரைத்தேன்.

கோயிலில் இன்னும் மோசம். பெருமாள் சந்நிதியில் நீ கண்ணைச் சிமிட்டாமல் நிற்பாய். பின்னால் வரிசை நகராமல் நிற்கும், ஒருத்தரும் உன்னைத் தள்ளமாட்டார்கள். என்னைத்தான் நகரு நகரு என்பார்கள். பட்டர் சுவாமி ஒருநாள் கூட்டத்தில் உன்னைத் தேடி, "குழந்தைக்குப் பகவத் கடாக்ஷம் இருக்கு," என்று பெருமாள் சாற்றிக் களைந்த துளசி மாலையை உன் கையில் கொடுத்தார். அதை வீடு வரைக்கும் அம்மா ஏந்திக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் மருமகள் புராணம். என் வாழ்நாளில் நான் எதையாவது முழுசாகச் செய்தேன் என்றால் அது வெறித்துப் பார்ப்பது ஒன்றுதான். அதற்கும் மாலை உனக்கு.

அந்த வருஷம்தான் லால்குடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். டம்ளர்களிலிருந்து ஆவி எழும்பியது, ஜன்னல் வெயிலில் அது சுருண்டு சுருண்டு போனது. பையனின் அம்மா என்ன கேட்டாள், எத்தனை தரம் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. பையனின் அப்பா டம்ளரை எடுக்கக் கை நீட்டி, தட்டு அவர் பக்கம் வராததால் அப்படியே இருந்தாராம். காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். வாசலில் அந்த அம்மாள் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "குணசீலத்துக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. கல்யாணத்தை அப்புறம் பார்க்கலாம்."

திருச்சிப் பக்கம் குணசீலம் என்றால் யாருக்கும் விளக்கவேண்டாம். புத்தி கலங்கியவர்களைக் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைப்பார்கள். வேளை தவறாமல் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். நம்பிப் போனவர்கள் குணமாகி வந்திருக்கிறார்கள், அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் எனக்கு முகத்தில் எதிர்பாராமல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே உடம்பு தூக்கிப் போடும். அது உனக்குத் தெரியும். பஸ் ஜன்னலோரம் மழைக்காலத்தில் எனக்கு இடம் விடாமல் நீ உட்கார்ந்துகொண்டது அதற்காகத்தான். மண்டலம் முடிந்து வந்த பிறகும் சும்மா விடுமா ஊர்? குணசீலத்துப் பெண் என்ற பேர் என்னோடு கட்டையில்தான் வேகும். அம்மா முடிவு செய்துவிட்டாள். ஆவணி பிறந்ததும் போவது, தானும் கூடத் தங்குவது. நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். அதையும் பிரமையில் சேர்த்தார்கள்.

நீ என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். சந்நிதிக்குப் போகவில்லை. மணல்வெளியில் ஒரு ஓரமாக உட்காரவைத்தாய். நான் வாயை அடக்க முடியாமல் கேட்டேன், நீ செய்தால் பக்தி, நான் செய்தால் பைத்தியமா என்று. நீ மணலைக் கிளறிக்கொண்டே சொன்னாய்.

"நான் பெருமாளைப் பாக்கலடி. உன்னைப் பாத்துக் கத்துக்கிட்டேன். இந்த வீட்ல விடியறதுல இருந்து என்னை உக்கார விட்டாத்தானே? படத்துக்கு முன்னாடி கண்ணைத் தொறந்துக்கிட்டு உக்காந்தா யாரும் கூப்பிடறதில்ல. அவ்வளவுதான்."

நீ சொல்லிக்கொண்டே போனாய். "ஆனா உள்ள போகத் தெரியல. கண்ணு நிக்குது, காது நிக்கமாட்டேங்குது. உலை கொதிச்சிடுச்சா, அத்தை கூப்பிடறாங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. உனக்கு எப்படிடி எல்லாம் நின்னுபோகுது? ஸ்கூல்லேர்ந்து உன்னைப் பாத்து எனக்கு ஆத்தாமை."

என்மேல் பொறாமைப்பட்டவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதைக் கேட்டால் மனசு ஆறவேண்டும் அல்லவா? இன்னும் காந்தியது. சொந்தச் சரக்கை வைத்திருந்தவள் அடி வாங்கினேன், அதைப் பார்த்து எழுதியவள் மாலை வாங்கினாய்.

மறுநாள் நீ அம்மாவிடம், அடுக்களைப் புகையில் பெருமாள் படம் கறுத்துப்போகிறது, முற்றத்துச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டாய். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. அண்ணன் ஆணியும் சுத்தியலுமாக வந்தான். எங்கே அடிப்பது என்று அவன் கேட்க, நீ சுவரில் கையை வைத்துக் காட்டினாய். வெயில் இன்னும் அண்டாவுக்கு வரவில்லை, சுவர் வெறுமனே இருந்தது. வெளிச்சம் ஆடும் இடத்திலேயே அடித்து என் இடத்தையும் பறித்துக்கொள்ளப் போகிறாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீ ஒரு சாண் தள்ளிக் காட்டினாய். சரியாக ஒரு சாண். மத்தியானம் வெளிச்சம் வந்து படத்தின் சட்டத்தைத் தொடாமல் பக்கத்தில் ஆடியது. என் கண் நிற்கும் இடம் உனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

நான் எப்போதும்போல உட்கார்ந்தேன். முதுகில் அடி விழவில்லை. திரும்பி வந்தபோது பக்கத்தில் அம்மா கைகூப்பிக்கொண்டு நின்றிருந்தாள். பால்காரம்மா வாசலில் கூப்பிட்டதற்கு, "மெதுவா. பொண்ணு பெருமாளைச் சேவிச்சிக்கிட்டிருக்கு," என்றாள். நான் பார்த்தது வெறும் சுண்ணாம்பு. ஒரு சாண் வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆவணி பிறந்தது, குணசீலத்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த வரன்களும் தட்டிப்போயின. அது எனக்கு ஒரு வருத்தமாகவே இல்லை.

வருத்தம் வேறு. அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், மருமகள் வந்த ராசி, அவளைப் பார்த்து இவளுக்கும் பக்தி ஒட்டிக்கொண்டது என்று. உன்னைப் பார்த்து நான் கற்றுக்கொண்டேனாம். நீ அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். உன்னைக் கிள்ளி வைக்கவேண்டும் போலிருந்தது. கிள்ளினேன். அம்மா பார்க்காத நேரத்தில்தான்.

அப்புறம் உனக்குச் செல்வி பிறந்தாள். மூன்று வயசுக்கும் பேச்சு வரவில்லை. ஓட்டு இடுக்கில் வெயில் விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஓட்டுக்குப் பக்கத்தில் எந்தச் சாமியை மாட்டுவது? அம்மா பயந்துபோய், அப்படியே அத்தைக்காரியை உரித்து வைத்திருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். நீ அழுவாய், என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பாய், அது போதும், இந்த வீட்டைவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ குழந்தையின் முடியை ஒதுக்கிவிட்டபடி அம்மாவிடம் சொன்னாய்.

"பயப்படாதீங்க அத்தை. அவ போற எடத்துல அவ அத்தை இருக்கா."

உன்னால் மட்டும்தான் அப்படிச் சொல்ல முடியும். அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் பொறாமை. போகவே தெரியாத இடத்தைப் பற்றி எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகச் சொல்லிவிட்டாய்.

செல்விக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பேச்சு கொஞ்சம் வந்தது, அவளுக்குத் தேவையான அளவுக்கு. சில வருஷம் முன்பு தில்லை நகரில் ஒரு டாக்டரிடம் அவளைக் காட்டினோம். ஆட்டிசம் என்றார். அவளைப் பற்றி நான் சொல்லச் சொல்ல என்னையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, என்னிடமும் சில கேள்விகள் கேட்டார். பிறகு சிரித்தார். எங்கள் இருவருக்கும் ஒரே சொல். நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எனக்குக் கிடையாதா டாக்டர் என்று கேட்டாய். அந்த வயசிலும் உன் ஆசை போகவில்லை.

போன மாசியில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். செல்வி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உன்னைப் பார்த்தேன். உன் கண் எதிர்ச்சுவரில் நின்றிருந்தது. நடிக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அடியேய் என்று கூப்பிட்டேன். அத்தை கூப்பிடுகிறாள், உலை கொதிக்கிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். எப்போதும் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்த உன் காது அன்றைக்கு நின்றுபோயிருந்தது.

பெயிண்டருக்கு நான் பதில் சொல்வதற்குள் செல்வி எழுந்துபோய்ச் சுவரில் கையை வைத்தாள். பழைய இடம் இல்லை அது. மத்தியானம் பால்கனிக் கம்பி வழியாக வெளிச்சம் விழுமே, நான் நாற்காலி போட்டு உட்காரும் இடம், அதிலிருந்து ஒரு சாண் தள்ளி. யார் அவளுக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. அங்கேயே மாட்டச் சொல்லிவிட்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு அந்தச் சுவருக்கு முன்னால் உட்காருகிறோம். அவள் போகிற இடத்தில் நான் இருக்கிறேன், நீ சொன்னபடியே. ஆனால் நீ எங்களைத் தாண்டிப் போய்விட்டாய். முதல் தடவையாக நான் முன்னால் போகாத இடத்துக்கு, என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாமல், நீயாகவே. வயிறு எரிகிறதடி.