மருந்து சித்தப்பா வீட்டில்

அடி அண்ணாமலை
4-9-1997

அன்புள்ள கோபி அண்ணாவுக்கு,

"எங்கள் வீட்டிலும் ஒன்று தொங்குகிறது" என்று போன வாரம் நடந்த ஊர்க்கூட்டத்தில் நான் சொல்லவில்லை. சுப்பன் மாமாவை அவருடைய பங்காளியே வரப்புத் தகராறில் சுட்டுக் கொன்றதற்காகக் கூடிய கூட்டம். எல்லம்மாள் அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "அவன் வீட்டக் கொளுத்துங்கடா" என்றது ஒரு பக்கம். "வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தா எவன் கிட்ட வருவான்?" என்றது இன்னொரு பக்கம். அப்பா எதிரில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறந்தால் அவரைப் போலீஸில் காட்டிக்கொடுத்ததாகும்.

நம் அப்பாவும் தசரதன் சித்தப்பாவும் பொதுக் கிணற்றில் மோட்டார் போடும் முறைக்காகத் தினமும் கத்துகிறார்கள். இரண்டு வீட்டிலும் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி. குழலில் இடித்து அடைத்த வெடிமருந்து சுட்டால்தான் காலியாகும். வீணாகிவிடுமே என்று, வேர்க்கடலை நிலத்தில் பன்றிக் காவல் முடிந்ததும் இருவரும் துப்பாக்கியை அப்படியே சுவரில் மாட்டிவிடுகிறார்கள்.

டவுன் நூலகத்தில் பழைய பேப்பர்களைப் புரட்டினேன். நான் படித்த வரை, நம் பக்கத்தில் சுட்டவர்கள் எல்லாரும் செத்தவரின் சொந்தக்காரர்கள், இல்லையென்றால் பக்கத்து நிலத்துக்காரர்கள். யாரும் திட்டம் போட்டுச் சுடவில்லை. கோபம் வந்தபோது துப்பாக்கி தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

துப்பாக்கியை இறக்கி வைக்கச் சொல்லி நீ எழுதினால் அப்பா கேட்பார்.

உன் பிரியமுள்ள
ரேணு


சிங்கப்பூர்
20-9-1997

அன்புத் தங்கை ரேணுகாம்பாளுக்கு,

நலம். நான் அனுப்பிய குடை வந்து சேர்ந்ததா?

பேப்பர் படிச்சிட்டு அப்பாவுக்கே பாடம் எடுக்கறியா? மல்லாட்டையைப் பன்னி தின்னுட்டுப் போனா உன் நூலகமா வந்து காவல் காக்கும்? சித்தப்பா வைத்திருக்கும்போது அப்பா மட்டும் இறக்கி வைத்தால் ஊர் சிரிக்காதா? நான் இவ்வளவு தூரத்தில் இருக்கிறேன். அப்பா கையில் அது இருப்பதுதான் எனக்குத் தைரியம். குடும்பத்தை உடைத்துவிடாதே. இதைப் பற்றித்தான் எழுதுவாய் என்றால், எழுதவே வேண்டாம்.

கோபி


அடி அண்ணாமலை
14-10-1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

குடை வந்தது. நீ கோபித்துக்கொண்டாலும் எழுதுகிறேன்.

'சித்தப்பா வைத்திருக்கும்போது' என்று கேட்டிருந்தாய். அது சரியான கேள்வி. அதனால் இறக்கி வைக்கும்படி நான் சொல்லவில்லை. சோறு போடும்போது ஒன்று மட்டும் கேட்டேன்:

"சுப்பன் மாமாவ சுட்டவரு எவ்ளோ நேரம் யோசிச்சிருப்பாருப்பா?"

"யோசிக்க ஏது நேரம்? இடிச்சி வெச்சிருந்தது, எடுத்தான்."

"இடிக்காம இருந்திருந்தா?"

அப்பா கை கழுவினார். பிறகு நிலத்துக்குப் போய் வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு வந்தார்.

அதன்பின் நான் சொன்ன ஏற்பாட்டுக்கு இருவரும் ஒப்புக்கொண்டார்கள்: இப்போது இரண்டு துப்பாக்கியும் நம் வீட்டில் இருக்கின்றன. மருந்து முழுவதும் சித்தப்பா வீட்டில். காவலுக்குச் சேர்ந்து போக வேண்டும், காலி செய்துவிட்டுத் திரும்ப வேண்டும். யார் மானமும் போகவில்லை. "இனிமே பன்னிக்கிட்ட சொல்லிட்டுத்தான் சுடணுமா?" என்று சித்தப்பா சிரித்தார். ஆயுத பூஜைக்கு நான் பொட்டு வைத்தபோது இரண்டும் வெறும் குழல்களாகத்தான் இருந்தன.

பன்றி முன்பு தின்ற அளவுதான் இப்போதும் தின்கிறது. வரப்போடு நடந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ரேணு


அடி அண்ணாமலை
2-12-1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இதைத் தனம் சித்திதான் யாருக்கும் தெரியாமல் தபாலில் போடுகிறாள். நான் வாசல் தாண்டுவதில்லை.

போன வாரம் கிணற்றடியில் சித்தப்பா அப்பாவின் கன்னத்தில் அறைந்துவிட்டார். அப்பா ஓடிவந்து துப்பாக்கியை எடுத்தார். நான் குறுக்கே நின்றேன். தள்ளிவிட்டுப் போனார். நேராகச் சித்தப்பா வீட்டு வாசலுக்குப் போய், "தனம், மருந்து எடு" என்றார்.

சித்தி முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "எங்க வெச்சாருனு தெரியல மாமா. உக்காருங்க, தேடறேன்."

அப்பா கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சித்தி மோர் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார். "இதுக்குத்தான் பண்ணியா?"

"ஆமாம்ப்பா."

"தம்பிய சுட்டுடுவேன்னே முடிவு பண்ணிட்டியா?"

அன்றிலிருந்து எனக்கு நூலகம் இல்லை, டவுன் இல்லை. அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கார்த்திகை தீபத்தைக்கூட ஜன்னல் வழியாகத்தான் பார்க்கப் போகிறேன். குடை ஆணியில் தொங்குகிறது.

குடும்பத்தை உடைக்காதே என்றாய். உடைந்துவிட்டது. கிணற்றை இரண்டாக்கி நடுவில் சுவர் எழுப்புகிறார்கள். இரண்டு வீடும் பேசிக்கொள்வதில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் உயிரோடு இருக்கிறார்கள்.

ரேணு