மெசினைப் படுக்க வைத்துத்தான் கொண்டுவந்தேன்

தையல் மெசினின் கழுத்தில் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. இன்று காலை கிள்ளானில், பின்பக்கத்துத் திருகாணிகளைத் தளர்த்தித் தலையைத் தூக்கினேன். எண்ணெய் வாடையோடு அந்தச் சந்தன வாடையும் மூக்கில் ஏறியது. கடைசி ஆயுத பூசைக்கு நீங்கள் அப்பியது. பொட்டு வைக்கச் சொன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடிக்கிற ஆள் நீங்கள்.

உங்கள் காரியம் முடிந்ததும் ரயில்வேக்காரர்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பழையபடி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கே வந்துவிட்டேன். ஓர் அறை. ஜன்னல் ஓரம் மெசின் போட இடம் இருக்கிறது. இனி அது ஓடினால்தான் என் அடுப்பு எரியும். வழியில் அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று எனக்கு நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நீங்கள் அதை ஒருமுறை கொண்டுபோன லட்சணம் எனக்குத் தெரியுமே.

உங்களுக்குக் கிள்ளானுக்கு மாற்றல் வந்த வருஷம். சட்டி பானை ரயிலில் போகட்டும், மெசின் வாடகைக் காரில் போகட்டும் என்றீர்கள். மெசின் மேல் கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன், நான் ஒரு பைத்தியக்காரி. வாசலில் கார் வந்து நிற்பதை குவாட்டர்ஸ் முழுக்கப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகக் காரின் மேல்துணியை வேறு மடக்கச் சொன்னீர்கள்.

"என்னங்க, தலையைக் கழட்டுங்க. ஊசியை எடுங்க. கம்பளியில சுத்திப் படுக்க வச்சா ஆடாம போவும்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"படுக்க வச்சா பொணம். பூசை போட்ட பொருள நிக்க வச்சுத்தான் கொண்டு போவணும். ஒனக்கு என்னா தெரியும்?" என்றீர்கள்.

தைக்கிறவள் நான். பொத்தான் அறுந்தால் சட்டையை என் மூஞ்சியில் நீட்டுகிறவர் நீங்கள். எனக்கு என்ன தெரியும்!

உங்கள் அண்ணன் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். அவர் எதற்கு வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சும்மா கிடைக்கிற சீட்டு, அவருக்கு அது போதும். பின்னால் மெசின், இரும்புக் காலும் பலகையுமாக, மாலை போட்டு நின்றது. அதைக் கட்டிப்பிடித்தபடி நீங்கள். எனக்கு இடமில்லை. அடுத்த வீட்டு அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்டி, சாமி தேர்ல போவுது, பூசாரியும் போறாரு. நீ மட்டும் சட்டியத் தூக்கிக்கிட்டு ரயிலா?"

"அது போவட்டும்க்கா. தேருக்கு முட்டுக்கட்டை போட ஆளில்லையேன்னுதான் பயமா இருக்கு."

வழியில் பத்து தீகா வளைவில் தேர் சாய்ந்தது. நான் ரயிலில் போய்க் கிள்ளான் வீட்டில் காத்திருந்தேன். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கினீர்கள். மெசின் கதவோரம் சரிந்து கிடந்தது. கைச்சக்கரத்தின் விளிம்பில் ஒரு துண்டு போயே போய்விட்டது. எடுக்கச் சொல்லியும் எடுக்காத ஊசி உங்கள் உள்ளங்கையில் இறங்கி முறிந்திருந்தது.

"மெசினுக்குக் கோவம்" என்றீர்கள். டிரைவருக்கு அவசரம், ரோட்டுக்கு வளைவு, மெசினுக்குக் கோவம். உங்களைத் தவிர எல்லார் மேலும் தப்பு.

உங்கள் அண்ணன் வேறு கதை வைத்திருந்தார். "தம்பி மட்டும் புடிக்கலன்னா மெசின் ரோட்டுல கெடந்திருக்கும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதருக்குப் பின்னால் நடந்தது எப்படித் தெரியும்? நீங்கள் விழாமல் இருக்க எதையாவது பிடித்திருப்பீர்கள், கைக்கு அகப்பட்டது மெசினாக இருந்திருக்கும். நான் நினைத்தது அதுதான். கேட்டும் பார்த்தேன்.

"மெசினப் புடிச்சீங்களா, இல்ல நீங்க வுழாம இருக்கப் புடிச்சீங்களா?"

கையில் கட்டு. நான்தான் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். "ரசம் ஊத்து" என்றீர்கள்.

அத்தனை வருஷமும் அந்த உடைந்த விளிம்பு என் உள்ளங்கையில் தட்டித் தட்டிக் காய்த்துப்போனது. தட்டும்போதெல்லாம் உங்களைத் திட்டினேன். உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது கையை விரித்துப் பார்த்தேன். ஊசித் தழும்பு அப்படியே இருந்தது.

காரியத்தன்று உங்கள் அண்ணன் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மெசினு தம்பி சொத்து. எங்க வூட்லயே இருக்கட்டும். ஒத்தப் பொம்பள, ஒனக்கு எதுக்கு அம்மாம் பெரிய சாமான்?"

"ஒங்க தம்பி அதுல ஒரு கோமணமாவது தச்சிருக்காரா மாமா? என் தையக் கூலியில வாங்குனது. வேணும்னா அந்தக் காஞ்ச மாலைய எடுத்துக்கிட்டுப் போங்க." மனிதர் பாயசத்துக்குக்கூட நிற்கவில்லை.

கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் இன்று கோலாலம்பூருக்குச் சரக்கு கொண்டுபோனார். அந்தக் காரில் எனக்கும் இடம் கொடுத்தார். மெசினின் வாரைக் கழற்றினேன். ஊசியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். இரும்புக் காலைக் காரின் பின்னால் கட்டி, மிதி ஆடாமல் அதற்கும் ஒரு முடிச்சுப் போட்டேன். தலையைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தேன்.

"என்னா தங்கச்சி, பச்சப் புள்ளயா?" என்றார் ராவுத்தர்.

"பச்சப் புள்ளன்னா அழும் பாய். இது குத்தும்."

சிரித்துக்கொண்டே இரண்டு துணிக்கட்டை நகர்த்தி நடுவில் இடம் பண்ணினார். படுக்க வைத்தேன். பிணம் மாதிரி இல்லை. தூங்குகிற மாதிரிதான் இருந்தது.

பத்து தீகா வளைவில் கார் சாய்ந்தது. மெசின் அசையவில்லை. அசைய வழியே இல்லை, அப்படி இறுக்கி வைத்திருந்தேன். ஆனாலும் என் கை அதன் மேல் போய் அமுக்கிக்கொண்டிருந்தது. நான் போகச் சொல்லவில்லை. வளைவு தாண்டி வெகுதூரம் வந்த பிறகும் அது அங்கேயே இருந்தது.

அதற்காக உங்களைக் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட மாட்டேன். ஊசியை எடுக்காதவர் நீங்கள். நான் எடுத்திருந்தேன்.

இங்கே வந்து திருகாணிகளை முடுக்கி, வாரையும் ஊசியையும் மாட்டி, ஒரு கந்தல் துணியை ஓட்டிப் பார்த்தேன். தையல் நேராக விழுகிறது. கழுத்துச் சந்தனத்தை மட்டும் சுரண்டிவிட வேண்டும், வெள்ளைத் துணி தைத்தால் ஒட்டும். நாளைக்குச் சுரண்டிக்கொள்ளலாம்.