மைனஸ் காட்டிய சென்சர்

14 ஜூலை, திங்கள்
ஈப்போவில் காலையிலேயே கொளுத்தும் வெயில். மருந்துத் தொழிற்சாலையில் புது பேட்ச். ஒரே தடவை பயன்படுத்தி எறியும் பை, குழாய், பிரஷர் சென்சர், எல்லாம் மாட்டியாயிற்று. உள்ளே அழுத்தம் இல்லாதபோது சென்சர் பூஜ்யம் காட்ட வேண்டும்; அந்தச் சீரோ போட்டது நான். இந்த வேலையில் என்னை அசைக்க ஆள் கிடையாது.

மதியம் பம்ப் ஓடும்போது குழாய் படாரென்று கழன்றது. பாதி மருந்து தரையில். திரையில் பிரஷர் அளவுக்குள்தான். அப்படியென்றால் குழாயை மாட்டிய இடத்தில் கட்டு சரியில்லை. கட்டியது கூட வேலை பார்க்கும் செல்வியக்கா.

"நல்லா இறுக்கித்தான்லா கட்டுனேன்!"

"மெஷின் பொய் சொல்லாதுக்கா." எல்லார் முன்னாலும் சொன்னேன்.

15, செவ்வாய்
மழை. பால் வாங்கணும். பைக் டயருக்குக் காற்று.

அக்காவின் கொந்த்ராக், அதாவது வேலை ஒப்பந்தம், இந்த மாதம் முடிகிறது. சூப்பர்வைசர் ரவி அண்ணன்: "ரிப்போர்ட்ல அவங்க பேருதான் போகுது. இனிமே புதுப்பிக்க மாட்டாங்க." பாவம்தான். ஆனால் தப்பு தப்புதானே. கேன்டீனில் அக்கா என் மேசைப் பக்கமே வரவில்லை.

16, புதன்
குழாயைக் கழிவுக்கு அனுப்பும் முன் திறந்துவிட்டேன். காலிக் குழாய், சென்சர் இன்னும் அதில்தான். சென்சர் சீரோ காட்ட வேண்டும். காட்டியது மைனஸ் 0.3. கேபிளை மாற்றினேன். அப்போதும் மைனஸ்.

பதிவைப் பார்த்தேன். திங்கள் காலை: காற்று ஏற்றிக் கசிவுச் சோதனை. அடுத்த நிமிடமே சீரோ, என் கையெழுத்து. அந்தக் காற்றைத் திறந்துவிடாமலே சீரோ போட்டிருக்கிறேன், மடையன். உள்ளே இருந்த அழுத்தத்தையே சென்சர் சீரோ என்று எடுத்துக்கொண்டதால், அப்புறம் திரை காட்டியதெல்லாம் 0.3 குறைவு. உண்மையான அழுத்தம் தாங்காமல்தான் குழாய் கழன்றிருக்கிறது.

17, வியாழன்
ரவி அண்ணனிடம் சொன்னேன். "ரிப்போர்ட் டைப் பண்ணியாச்சுலா. நெசமாவா சொல்ற?"

"அக்கா பேரை எடுங்கண்ணே. என் பேரைப் போடுங்க."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அக்காவின் கொந்த்ராக்கைப் புதுப்பித்துக் கையெழுத்தாகிவிட்டது.

கேன்டீனில் அக்கா மேசைக்குப் போனேன். "தப்பு என்னுதுக்கா."

"அன்னிக்கு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேல்ல? இப்பவும் அப்படியே சொல்லு."

சத்தமாகச் சொன்னேன். காது சுட்டது.

18, வெள்ளி
தூறல். புது பை, புது சென்சர். பக்கத்தில் அக்கா, கையைக் கட்டிக்கொண்டு.

"காத்தைத் திறந்து விட்டியா?"

"விட்டாச்சுக்கா."

"எங்க, இன்னொரு தடவை பாரு."

பார்த்தேன்.