வேண்டாதவர் பட்டியல்

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கடை திறக்கும்போது கரண்ட் இல்லை. பத்தரைக்கு வந்தது.

மெயில் பெட்டி நிறைந்துவிட்டது. இனிமேல் எதுவும் உள்ளே வராது என்று சிவப்பில் காட்டுகிறது. தப்பு என்னுடையதுதான். ஒன்பது வருடமாக இந்த ஜெராக்ஸ் கடைக்கு விண்ணப்பம் போட வந்த எல்லோருக்கும் என் மெயில் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறேன். ஆளுக்கொன்று புதிதாகத் திறக்க ஓடிபி வேண்டும். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்களின் போன் பாதி நாள் மலையில் சிக்னல் இல்லாமல் கிடக்கும். "உன்னுதையே போட்டுவிடு தாயி" என்பார்கள். போட்டுவிட்டேன்.

வருபவை: மணமகன் தேவை. மணமகள் தேவை. (யாருக்கு என்பது மறந்துவிட்டது.) கடன் வேண்டுமா. கனடாவில் படிக்க ஆசையா. முழு உடல் பரிசோதனை, சலுகை விலையில். மாடசாமி அண்ணனுக்கு வங்கியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து. அண்ணன் செத்து இரண்டு வருடம்.

பழையதை மொத்தமாக அழித்தேன். பிறகு பிளாக். ஒவ்வொருவராக.

இன்று பிளாக்: 38.

நவ. 4, செவ்வாய்

மழை. ஆள் வரத்து இல்லை. குரங்கணிக்கு மலையேறப் போகும் ஐந்து பேருக்கு அனுமதிச் சீட்டு பிரிண்ட். இந்த மழையில் எதற்கு என்று கேட்கவில்லை.

கை பழகிவிட்டது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் விரல் போகிறது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி, நாளைக்கு மூன்று தடவை என் சர்க்கரையை விசாரிக்கிறது. எனக்குச் சர்க்கரை இல்லை. பிளாக்.

மாடசாமி அண்ணனின் வங்கியை மட்டும் விட்டுவைத்தேன். காரணமெல்லாம் இல்லை.

இன்று பிளாக்: 61.

நவ. 6, வியாழன்

பெட்டி சுத்தம். காலையில் திறந்தால் நான்கே மெயில். வீடு பெருக்கி முடித்த மாதிரி இருந்தது.

தேவாரத்திலிருந்து அம்மா போன். யானை வந்து எட்டுத் தென்னையைச் சாய்த்துவிட்டதாம். "நம்மளுது ரெண்டுதான், பக்கத்துக்காரனுக்கு ஆறு" என்றார். ஆறைச் சொல்லும்போது குரல் தெளிவாக இருந்தது.

வாங்க: டோனர், ஏ4 இரண்டு கட்டு, எலிப்பொறி.

இன்று பிளாக்: 7.

நவ. 9, ஞாயிறு

வெயில். கூட்டம். தோட்டத்து ஆட்களுக்கு ஞாயிறுதான் லீவு.

பஞ்சவர்ணம் அக்கா வந்தார். இடுக்கிப் பக்கம் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கிறவர். விடியுமுன் ஜீப், இருட்டும்போது வீடு. மகள் கவிதா பிளஸ் டூ முடித்துவிட்டு ஆறு மாதமாக அவரோடுதான் போகிறாள். நர்சிங் பயிற்சிக்கு இங்கேதான் விண்ணப்பித்தோம். என் மெயில்.

"தாயி, அந்தத் தபாலு வந்துச்சா?"

தேடினேன். கவிதா என்று போட்டால் பதினான்கு கவிதா. அதில் இவள் இல்லை.

"வரலைக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"தை வரைக்கும் பாப்பம். அதுக்கு மேல வச்சுக்கிட முடியாது. அவ அத்தை வீட்டுல பொண்ணு கேட்டு நெருக்குறாக. இவ என்னடான்னா, அந்த லெட்டரு வரட்டும், வரட்டும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

பையிலிருந்து முறுக்கு இரண்டு எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். தின்றேன். உப்புக் கொஞ்சம் கூடுதல்.

நவ. 10, திங்கள்

ஸ்பேமைக் காலி செய்யப் போனேன். பிளாக் ஆனவர்கள் அனுப்புவதெல்லாம் அங்கேதான் போய் விழும். 'எல்லாவற்றையும் அழி' மேல் அம்பை வைத்தாயிற்று. சும்மா ஒருமுறை கீழே பார்த்தேன்.

அந்த மதுரை ஆஸ்பத்திரி. சர்க்கரை. சர்க்கரை. இதயம். சர்க்கரை. நடுவில் ஒன்று: நர்சிங் பயிற்சி நேர்முகத் தேர்வு, செல்வி பா. கவிதா. வந்தது 5ஆம் தேதி. நேர்முகம் 8ஆம் தேதி சனிக்கிழமை.

விளம்பரமும் அழைப்பும் ஒரே முகவரியிலிருந்து. சாதாரணமாகத் தேடினால் ஸ்பேமுக்குள் தேடாது. இது எனக்குத் தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுப்பது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். மூன்றாவதாகப் பேசிய ஆபீஸ் அம்மா: "விடுபட்டவங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள் வச்சிருக்கோம். ஏன் வரலைன்னு எழுத்துல கொண்டு வரணும். எடுத்துக்குவோம்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்த முகவரியை பிளாக்கிலிருந்து எடுத்தேன். பஞ்சவர்ணம் அக்காவின் போனுக்குப் பதினோரு தடவை. தொடர்பு எல்லைக்கு வெளியே.

இன்று பிளாக்: 0.

நவ. 11, செவ்வாய்

ஐந்தே கால், ஜீப் நிற்கும் இடம். குளிர். டிரைவர் சத்தம்: "ஏறுங்கத்தா வெரசா, மேட்டுல மூட்டம் போட்டுச்சுன்னா நான் பொறுப்பில்ல."

அக்காவும் கவிதாவும் தூக்குவாளியோடு நின்றார்கள். "லெட்டர் வந்திருக்குக்கா. லேட்டாத்தான் வந்துச்சு. வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போகணும்" என்றேன்.

லேட்டாத்தான் வந்துச்சு. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிக்கொண்டது.

அக்கா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "விடியமுன்ன ஓடியாந்திருக்கியே தாயி. நீ நல்லா இருப்ப." இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை. கவிதா ஜீப் திரும்பும்வரை என்னையே பார்த்தாள்.

நவ. 13, வியாழன்

மதியம் கவிதா மட்டும் வந்தாள், தோட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டு. நகக்கண்ணெல்லாம் காய்க்கறை, கறுப்பாக. காரணக் கடிதம் வேண்டும்.

இந்தக் கடையில் காரணம் என்றால் காய்ச்சல்தான். ஒரு பக்கம் தயாராகவே இருக்கிறது, பெயரும் தேதியும் மாற்றினால் போதும். பள்ளிக்கூடம், பேங்க், கோர்ட் எல்லாவற்றுக்கும் அதுவே ஓடியிருக்கிறது. திறந்தேன்.

"ஆஸ்பத்திரிக்காரங்ககிட்டயே போயி காய்ச்சல்னு சொல்லவாக்கா? என்ன மாத்திரை தின்னன்னு கேப்பாங்க."

அப்புறம் அழைப்புக் கடிதத்தின் பிரிண்ட்டைக் கையில் எடுத்தாள். மேலே ஓரத்தில் பொடி எழுத்தில் தேதி இருக்கும். யாரும் படிப்பதில்லை.

"அஞ்சாந் தேதியே வந்திருக்கு."

"ஆமா."

"ஞாயித்துக்கெழமை அம்மா வந்து கேட்டுச்சுல்ல?"

சொன்னேன். பெட்டி நிறைந்தது, பிளாக் செய்தது, சர்க்கரை எல்லாவற்றையும். கதை மாதிரி நீளமாக வந்தது. நடுவில் ஒருவர் வந்து ஆதார் ஜெராக்ஸ் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப அதையே எழுதுங்க" என்றாள்.

"எதை?"

"நீங்க செஞ்சதை. உங்க பேரைப் போட்டு, சீல் வச்சு."

எழுதினேன். 'மேற்படி அழைப்பு எனது கடையின் மின்னஞ்சலுக்கு உரிய நாளில் வந்தது. எனது கவனக்குறைவால் விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கப்படவில்லை. இதில் அவர் தவறு ஏதுமில்லை. ச. உமா.' கீழே கடை சீல். சீல் இரட்டையாக விழுந்தது. மறுபடி பிரிண்ட் போட்டு மறுபடி வைத்தேன். ஊருக்கே காய்ச்சல் வரவழைத்தவள், எனக்கு ஒரு காய்ச்சல் கிடைக்கவில்லை.

"அம்மாகிட்ட நான் சொல்லல" என்றாள் போகும்போது. எனக்காக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நவ. 14, வெள்ளி

மழை. மதுரை பஸ் காலை ஆறுக்கு. வேலை ஓடவில்லை. ஒரே பக்கத்தை மூன்று தடவை ஜெராக்ஸ் எடுத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று மெயில். சர்க்கரை, கண், எலும்பு. கடைசி வரிவரை படித்தேன்.

நவ. 16, ஞாயிறு

கிடைத்துவிட்டது. டிசம்பர் முதல் தேதி சேர வேண்டும். கடிதத்தைப் படித்த ஆஸ்பத்திரி அம்மா சிரித்துவிட்டாராம். "பொய் சொல்லாம வந்த ஒரே ஆளு நீதான்" என்றாராம். சொன்னது கவிதா இல்லை, பஞ்சவர்ணம் அக்கா. அது எந்தப் பொய் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்.

கவிதாவுக்குச் சொந்த மெயில் வேண்டும். சேர்க்கைக் கடிதம் அதில்தான் வர வேண்டுமாம். மாமா கொடுத்த பழைய போன். ஓடிபி உடனே வந்தது. மொத்தம் நான்கு நிமிடம். ஒன்பது வருடமாக நேரமில்லை என்று சொன்ன வேலை.

பாஸ்வேர்ட் போடும்போது போனை மார்போடு சாய்த்து, மறு கையால் மறைத்துக்கொண்டாள். கடை நோட்டில் ஊரார் பாஸ்வேர்ட் எல்லாம் இருக்கிறது. நான் நகர்ந்து போய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேண்டாத ஆளை பிளாக் பண்றது எங்கக்கா இருக்கு?"

காட்டினேன்.

"செஞ்சு பாக்க ஒரு அட்ரஸ் வேணுமே. உங்களுதுதான் தெரியும்." அடித்தாள். அழுத்தினாள்.

"பழகியாச்சுல்ல, எடுத்துரு" என்றேன்.

"எடுத்துர்றேன்க்கா."

அதற்குள் அக்கா கூப்பிட்டார், சோலி கிடக்கிறது என்று. போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நவ. 19, புதன்

மலையில் மூட்டம். எலி விழுந்தது.

மாடசாமி அண்ணனுக்குக் கடன் அட்டை தருகிறார்களாம். இன்னும் பிளாக் செய்யவில்லை.

கவிதாவின் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, என்னிடம் இருந்ததெல்லாம் அவளுடைய மெயிலுக்குத் திங்களன்றே அனுப்பினேன். கீழே மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி. நேரில் அதை மட்டும் கேட்கவில்லை. எழுத முக்கால் மணி நேரம் ஆனது.

பதில் இல்லை. மலையில் இருப்பாள், சிக்னல் இருக்காது.

பிளாக் ஆனவருக்கு அது தெரியாது. அனுப்பினால் போய்ச் சேர்ந்த மாதிரியேதான் காட்டும்.