லீப் வருடத்து மே மரம்

என் இர்ம்கார்டுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. அறுநூறு வயதுத் தேவாலயத்தின் மணியை இறக்கி, உங்கள் புது ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போர் நினைவுக்கல்லும் வந்து சேர்ந்திருக்கும். வாத்துக் குளத்தை மண்போட்டு மூடியாயிற்று. ஊரையே தோண்டி விழுங்கும் நிலக்கரிச் சுரங்கம் கல்லறைத் தோட்டம்வரை வந்துவிட்டது.

மே முதல் நாள் விடிந்ததும் வாசலுக்கு ஓடினேன். வருடாவருடம் நான்தானே பிர்ச் மரம் வெட்டி, வண்ணக் காகிதம் கட்டி, காதலுக்கு அடையாளமாக உனக்காக அங்கே நிறுத்துவேன்? லீப் வருடத்தில் மட்டும் அது பெண்கள் முறை; இதுவும் லீப் வருடம். போன முறை நீ நிறுத்திய மரம் கோணலாக நின்றது. "உன்னை மாதிரியே இருக்குய்யா" என்று சிரித்தாய்.

இம்முறை வாசலில் சுரங்கக் காவலாளிதான் நின்றான். "என்ன பெரியவரே, யாரைத் தேடுறீங்க? ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் மிச்சம்!"

"தபால்காரரை" என்றேன்.

நேற்று உன் தம்பி ரெய்னர் ரொட்டி கொண்டுவந்தான். புது வீட்டு வாசலில் எனக்காக மரம் நிறுத்தியிருக்கிறாயாம். இந்தத் தடவை நேராக நிற்கிறதாம். "ஒரு தடவ வந்து பாத்துட்டாவது போயேன்யா" என்றான். ரொட்டி நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை நம் தெருவை இடிக்கிறார்கள். மே முடிந்ததும் மரத்தை எடுத்துவிடுவதுதான் வழக்கம். அதற்குமேல் ஒரு நாளும் எனக்காக அதை நிறுத்தி வைக்காதே.

நம் வாசலிலிருந்து,
உன் கோணல் மரம்